56 நாளில் முடிந்த உடன்பாடு: ரோம் சட்டமும் ஒதுங்கி நிற்கும் நாடுகளும்

அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தில் இணைவதற்கான மலேசியாவின் ஆவணம் 2019 மார்ச் 4 அன்று ஐநா தலைமைச் செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏப்ரல் 5 அன்று பிரதமர் துன் மகாதீர் முகமது, அரசாங்கம் பின்வாங்குவதாக அறிவித்தார். ஏப்ரல் 29 அன்று விலகல் கடிதம் ஐநாவிடம் பதிவானது. ஜூன் 1 அன்றுதான் அந்தச் சட்டம் மலேசியாவைக் கட்டுப்படுத்தத் தொடங்கியிருக்கும். ஆகவே 56 நாள் இடைவெளியில் நுழைந்து வெளியேறிய மலேசியா, ஒரு நாள்கூட அதன் உறுப்பு நாடாக இருந்ததில்லை. இத்தகைய உடன்பாடுகளை ஏற்க மறுக்கும் நாடுகள் பொதுவாக மௌனமாகவே மறுக்கின்றன. கோப்பு ஏதோ ஓர் அமைச்சில் உறங்கும். காரணம் வெளியே வராது. மலேசியாவிலோ காரணங்கள் எல்லாம் மேடையிலும் நாளேட்டிலும் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் உரக்கப் பேசப்பட்டன. நாடுகள் ஏன் ஒதுங்கி நிற்கின்றன என்ற கேள்வியை ஆராய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஆசியாவில் அரிது.

ரோம் சட்டம் 1998 ஜூலை 17 அன்று இத்தாலியத் தலைநகரில் ஏற்கப்பட்டது. 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 வாக்களிக்காமல் விலகி நின்றன. 2002 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் இயங்கும் நீதிமன்றத்துக்கு 2025 தொடக்கத்தில் 125 உறுப்பு நாடுகள் இருந்தன. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகிய நான்கை மட்டுமே அது விசாரிக்கும். கூண்டில் நிற்பது நாடு அன்று, தனிமனிதர். குற்றம் நடந்த நிலம் உறுப்பு நாட்டினுடையதாகவோ, குற்றம் சாட்டப்பட்டவர் உறுப்பு நாட்டின் குடிமகனாகவோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஐநா பாதுகாப்பு மன்றம் வழக்கை அனுப்பி வைக்க வேண்டும், அல்லது சம்பந்தப்பட்ட நாடே தனி அறிவிப்பின் மூலம் அதிகாரத்தை ஏற்க வேண்டும். உள்நாட்டு நீதிமன்றம் உண்மையாக விசாரிக்கும்போது ஹேக் தலையிடாது. இந்தத் துணைமைக் கோட்பாடுதான் முழு ஏற்பாட்டின் அச்சாணி.

அரசாங்கங்களை உறுத்துவது வேறு மூன்று விதிகள். அரசுத் தலைவர், பிரதமர், தளபதி என்ற பதவி எதுவும் கேடயம் ஆகாது என்கிறது 27ஆவது பிரிவு. கீழுள்ள படையினர் செய்த குற்றத்தை அறிந்தும் தடுக்காத தளபதி பொறுப்பாளி என்கிறது 28ஆவது பிரிவு. ‘இந்த விதியை மட்டும் ஏற்கமாட்டோம்’ என்று விலக்குக் குறிப்பு எழுதி இணைய முடியாது என்கிறது 120ஆவது பிரிவு. பல உடன்பாடுகளில் அரசாங்கங்கள் தங்களுக்குப் பிடிக்காததைக் கழித்துவிட்டுக் கையெழுத்திடுவது வழக்கம். 1994இல் இனப்படுகொலைத் தடுப்பு உடன்பாட்டில் இணைந்த மலேசியாவே, தன் சம்மதம் இல்லாமல் எந்தத் தகராற்றையும் அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக்கூடாது என்ற விலக்கோடுதான் இணைந்தது. ரோம் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. முழுவதும் ஏற்க வேண்டும், இல்லையேல் வெளியே நிற்க வேண்டும்.

போர்க்கொடுமைக்குத் தனிமனிதரைப் பொறுப்பாக்கும் எண்ணம் மலேசியாவின் பேராக் மாநிலத்து மண்ணுக்குப் புதிதில்லை. ஜப்பானியர் காலத்தில் ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் சிற்றூரில் மருந்தகம் நடத்தியவர் சிபில் கார்த்திகேசு. தமிழ் மருத்துவரான கணவரோடு சேர்ந்து, காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினரின் குண்டுக் காயங்களுக்கு மருந்திட்டார். வீட்டில் ஒளித்து வைத்த வானொலியில் லண்டன் செய்தி கேட்டுப் பிறருக்குச் சொன்னார். 1943இல் கெம்பெய்த்தாய் ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்தது. யோஷிமுரா என்ற சார்ஜெண்ட், தாயைப் பேசவைப்பதற்காக அவருடைய சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினான். தாய் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் யோஷிமுரா ஈப்போவில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு மரண தண்டனை பெற்றான். சித்திரவதை செய்தவன் தனியாளாகவே பதில் சொல்ல வேண்டும் என்பதை ஈப்போ மக்கள் தம் ஊரிலேயே பார்த்த வழக்கு அது. முதுகெலும்பு நொறுங்கிய சிபில், சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குச் சென்று 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். அவருடைய உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அந்த நீதியின் எல்லையும் இதே மண்ணில்தான் தெரிந்தது. ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளத்தின் ஓரத்தில் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். போருக்குப் பின் நடந்த வழக்குகளில் பெரும்பாலும் பேசப்பட்டது நேச நாட்டுப் போர்க்கைதிகளின் துயரம். பேராக்கின் லயங்களில் திரும்பி வராத ஆண்களுக்காகக் காத்திருந்த குடும்பங்களை யாரும் சாட்சி சொல்ல அழைக்கவில்லை.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலத்தை அறிவித்தது. ஏறத்தாழ 5 லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். ஈப்போவை அடுத்துச் சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கும் குனோங் ராபாட் அப்படி உருவான குடியிருப்புகளில் ஒன்று. தோட்டத் தொழிலாளர் லயங்களும் முள்வேலிக்குள் நெருக்கி அமைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஆயுதம் இல்லாத 24 சீனத் தோட்டத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். உறவினர் கேட்ட பொது விசாரணையை 67 ஆண்டுக்குப் பிறகு, 2015 நவம்பரில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிமன்றத்தை அமைப்பவர் யாரோ அவருடைய குற்றம் விசாரணைக்கு வராது என்பதுதான் இந்த வரலாறு காட்டும் குறை. வென்றவரும் தோற்றவரும் ஒரே விதிக்கு உட்படும் நிரந்தர நீதிமன்றம் வேண்டும் என்ற கோரிக்கை பிறந்தது இந்தக் குறையிலிருந்து.

அப்படி ஒன்று அமைந்தபோது அதில் சேர மறுத்தவை சிறிய நாடுகள் மட்டுமல்ல. அமெரிக்கா 2000 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்டது. 2002 மே மாதம், உறுப்பாகும் எண்ணம் இல்லை என்று ஐநாவுக்கு எழுதியது. அதே ஆண்டில் தன் படையினரை அந்த நீதிமன்றத்திடமிருந்து காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. ரஷ்யா 2000இல் இட்ட கையெழுத்தை 2016இல் திரும்பப் பெற்றது. சீனா ரோமிலேயே எதிர்த்து வாக்களித்தது. பாதுகாப்பு மன்றத்தின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் மூவர் வெளியே நின்றுகொண்டே, மற்ற நாடுகள் மீதான வழக்கை ஹேக்குக்கு அனுப்பவும் தடுக்கவும் வாக்குரிமை வைத்திருக்கிறார்கள். இது நீதிமன்றத்தின் பிறவிக் குறை. இதைச் சுட்டிக்காட்டும் நாடுகளின் வாதத்தில் நியாயம் உண்டு.

அவற்றில் முதன்மையானது இந்தியா. ரோம் மாநாட்டில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய திலிப் லாகிரி, வாக்களிக்காமல் விலகியதற்கு விரிவான விளக்கம் கொடுத்தார். பாதுகாப்பு மன்றத்துக்கு வழக்கை அனுப்பும் அதிகாரமும் ஒத்திவைக்கும் அதிகாரமும் தரப்பட்டது முதல் எதிர்ப்பு. அணுகுண்டைப் பயன்படுத்துவது போர்க்குற்றங்களின் பட்டியலில் சேர்க்கப்படாதது அடுத்தது. பயங்கரவாதம் தனிக் குற்றமாக ஏற்கப்படவில்லை. தலைமை வழக்குரைஞர் தாமாகவே விசாரணை தொடங்கலாம் என்ற விதியும் இந்தியாவுக்கு உவப்பாக இல்லை. இவை எல்லாம் மேடையில் சொல்லத்தக்க, கொள்கை சார்ந்த காரணங்கள். உண்மையில் உறுத்திய விதி இன்னொன்று: நாட்டின் உள்ளே நடக்கும் ஆயுத மோதலும் போர்க்குற்ற வரையறைக்குள் வரும் என்பது. வடகிழக்கின் பகுதிகளில் 1958 முதலும் காஷ்மீரில் 1990 முதலும் ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர் மீது வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தராது. ‘உள்நாட்டில் உண்மையான விசாரணை நடந்தால் ஹேக் வராது’ என்ற உறுதிமொழி, விசாரணைக்கே அனுமதி தேவைப்படும் நாட்டுக்கு ஆறுதலாக இருக்க முடியாது.

வெளியே நிற்பதால் உள்நாட்டுச் சட்டம் என்ன ஆகிறது என்பதற்கு டில்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று சான்று. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்கு 2018 டிசம்பர் 17 அன்று ஆயுள் தண்டனை விதித்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய நீதிபதி எஸ். முரளிதர். மானுடத்துக்கு எதிரான குற்றமோ இனப்படுகொலையோ இந்தியக் குற்றவியல் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு எழுதியது. குற்றம் நடந்து 34 ஆண்டுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த ஓட்டை அடைபடவில்லை. இந்தியா 1959இலேயே இனப்படுகொலைத் தடுப்பு உடன்பாட்டை உறுதிசெய்த நாடு.

இலங்கையின் மறுப்பில் ஒளிவுமறைவு குறைவு. ரோம் மாநாட்டுக் காலத்தில் பயங்கரவாதத்தையும் குற்றப் பட்டியலில் சேர்க்கச் சொன்ன நாடுகளில் இலங்கையும் ஒன்று. அப்போது உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று ஐநா தலைமைச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் சொன்னது. 2015இல் ஐநா மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, ரோம் சட்டத்தில் இணையுமாறு இலங்கைக்குப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, காமன்வெல்த் மற்றும் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணை அமைப்பை ஏற்பதாக, இலங்கையே இணைந்து கொண்டுவந்த ஜெனீவாத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு வெளிநாட்டு நீதிபதிகளுக்கு இடமில்லை என்று ஜனாதிபதி சிறிசேன சொன்னார். 2020 பிப்ரவரியில் அடுத்து வந்த அரசாங்கம் இணை அனுசரணையிலிருந்தே விலகியது. ‘போர் வீரர்களை அந்நியரிடம் ஒப்படைக்கமாட்டோம்’ என்பது அங்கே தேர்தல்களில் வாக்கு வாங்கித் தரும் சொல்.

இந்த மறுப்பு யாரைச் சுடுகிறது என்று பார்க்கக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் அங்கே தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படங்களை வரிசையாகக் கட்டிய கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஒரு வயதுக்கு மேல் அந்தப் படங்களில் முகம் மாறுவதில்லை. படத்தைப் பிடித்திருக்கும் கைதான் சுருங்குகிறது. பதில் தெரியாமலே கண்மூடிய தாய்மார்கள் பலர். இலங்கை உறுப்பு நாடு இல்லாததால், பாதுகாப்பு மன்றம் அனுப்பினால் ஒழிய அவர்களுடைய முறையீடு ஹேக்குக்குப் போக வழியில்லை. அங்கே வீட்டோ காத்திருக்கிறது. கொழும்பு மனம் வைத்தால் இன்னொரு வழி உண்டு. 2002 ஜூலை 1க்குப் பின் நடந்தவற்றுக்கு நீதிமன்ற அதிகாரத்தை ஏற்பதாக ஒரு நாடு தானே அறிவிக்கலாம். உறுப்பாவதற்கு முன்பே உக்ரைன் 2014இலும் 2015இலும் அப்படித்தான் செய்தது. 2009 அந்தக் கால எல்லைக்குள் அடங்கும் என்பதே கொழும்பு மனம் வைக்காததற்குப் போதிய காரணம்.

மலேசியாவில் இத்தகைய போர்க்களம் இல்லை. ஆகவே அங்கே கிளம்பிய அச்சம் வேறு: மாமன்னர் ஹேக்குக்கு இழுக்கப்படுவாரா? கூட்டரசு அரசியலமைப்பின் 41ஆவது பிரிவின்படி மாமன்னரே ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதி. ரோம் சட்டத்தின் 27, 28ஆவது பிரிவுகளை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், நாளை ஏதாவது நடந்தால் மாமன்னரே பொறுப்பாவார் என்று தோன்றும். ஜொகூர் இளவரசர் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எதிர்த்தார். நான்கு கல்வியாளர்கள் மலாய் ஆட்சியாளர்களிடம் இந்த வாதத்தை எடுத்துரைத்தனர். அதன் சுருக்கத்தை மாணவர் செயல்பாட்டாளர்கள் பின்னர் வெளியிட்டபோது, அது ஒரு பக்கத்தை மட்டுமே சொன்னது என்ற விமர்சனம் எழுந்தது.

எதிர்வாதத்தை அப்போதைய சட்டத்துறைத் தலைவர் தோமி தோமஸ் முன்வைத்தார். 40ஆவது பிரிவின்படி மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். போரையும் படையையும் பற்றிய முடிவு அமைச்சரவையுடையது. எனவே பதில் சொல்ல வேண்டியவர்கள் பிரதமரும் பாதுகாப்பு அமைச்சரும் தளபதிகளும்தான். இந்த வாதமே வலுவானது. நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்த நெதர்லாந்து முடியாட்சி. பிரிட்டன், ஸ்பெயின், சுவீடன், நோர்வே, டென்மார்க், பெல்ஜியம், ஜோர்டான், கம்போடியா ஆகியவற்றுக்கும் மன்னர் உண்டு. ஜப்பானுக்குப் பேரரசர் உண்டு. இவை எல்லாம் உறுப்பு நாடுகள். எந்த மன்னர் மீதும் ஹேக்கில் வழக்குப் பதிவானதில்லை. ஆட்சியாளர்களுக்கு முழு விலக்கு என்பதும் மலேசியாவிலேயே பழைய சங்கதி. 1993 திருத்தத்தின் வழியே தனிப்பட்ட செயல்களுக்கான விலக்கு நீக்கப்பட்டு, அவர்களை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. அந்தத் திருத்தம் வந்தபோது மாமன்னராக வீற்றிருந்தவர், நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்து அரியணை ஏறிய பேராக் சுல்தான் அஸ்லான் ஷா.

சட்டத்தில் இவ்வளவு தெளிவு இருந்தும் உடன்பாடு ஏன் விழுந்தது? முறையிலும் நேரத்திலும் அரசாங்கம் செய்த தவறு முதல் காரணம். ஆட்சியாளர்களின் சிறப்புரிமை, நிலை, மரியாதை ஆகியவற்றை நேரடியாகத் தொடும் சட்டத்துக்கு ஆட்சியாளர் மன்றத்தின் இசைவு வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 38ஆவது பிரிவு. உடன்பாட்டில் இணைவதற்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்பதில் இரு கருத்து உண்டு. இசைவு கட்டாயமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கலந்து பேசியிருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் விவாதித்திருக்க வேண்டும். மக்களுக்கான விளக்கத்தில் பெரும்பகுதி, ஆவணம் நியூயார்க் போன பிறகுதான் வந்தது. வதந்தி முந்திக்கொண்டது.

இரண்டாவது காரணம், அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது. எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐநா உடன்பாட்டை ஏற்கும் எண்ணத்தைப் புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த மகாதீர் அரசாங்கம் வெளியிட்டது. 2018 செப்டம்பரில் ஐநா பொதுச்சபையில் மகாதீர், எஞ்சிய மனித உரிமை உடன்பாடுகளை ஏற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை உள்நாட்டில் சுமக்கும் பொறுப்பு ஒற்றுமைத்துறை அமைச்சர் பொ. வேதமூர்த்தியின் தோளில் விழுந்தது. எதிர்ப்பும் அவரையே சுற்றியது. அரசியலமைப்பின் 153ஆவது பிரிவில் உள்ள மலாய்க்காரர் சிறப்பு நிலை பறிபோகும் என்று எதிர்க்கட்சிகளான அம்னோவும் பாஸும் பரப்பின. நவம்பர் 23 அன்று அரசாங்கம் கைவிட்டது. அப்படியும் டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் மாபெரும் பேரணி நடந்தது. உடன்பாடு என்றாலே ‘நமக்கு எதிராக அந்நியர் பின்னும் வலை’ என்ற எண்ணம் அந்த ஆண்டின் இறுதியில் வேரூன்றிவிட்டது. ரோம் சட்டம் அந்த எண்ணத்துக்குள்தான் வந்து விழுந்தது. பாகுபாட்டு உடன்பாட்டுக்கும் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொன்னவர்களின் குரல் எடுபடவில்லை. உடன்பாட்டுக்கு எதிராகத் தான் இல்லை என்றும், அரசியல் நோக்கம் கொண்டவர்கள் உண்டாக்கிய குழப்பமே காரணம் என்றும் பின்வாங்கும்போது மகாதீர் விளக்கினார். உடன்பாட்டின் உள்ளடக்கத்தில் குறை கண்டு வெளியேறிய நாடுகள் உண்டு. குறை இல்லை என்று சொல்லிக்கொண்டே வெளியேறிய நாடு மலேசியா.

சமய அடிப்படையிலான அச்சமும் அப்போது பேசப்பட்டது. அதற்கு நீண்ட மறுப்பு தேவையில்லை: ஜோர்டான், பங்களாதேஷ், மாலத்தீவு, துனிசியா, பாலஸ்தீனம் ஆகியவை உறுப்பினர்கள்.

நீதிமன்றம் பாரபட்சமானது என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. முதல் பத்தாண்டுக்கும் மேலாக ஆப்பிரிக்கர்கள் மட்டுமே கூண்டில் நின்றார்கள். ஈராக் போருக்குக் காரணமானவர்கள் தொடப்படவில்லை. பிரதமர் பதவியில் இல்லாத காலத்தில் மகாதீரே முன்னின்று உருவாக்கிய கோலாலம்பூர் போர்க்குற்றத் தீர்ப்பாயம், 2011 நவம்பரில் ஜார்ஜ் புஷ்ஷையும் டோனி பிளேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. சட்ட வலு எதுவும் இல்லாத அந்தத் தீர்ப்பு, வலுவுள்ள நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்ற ஏக்கத்தின் வெளிப்பாடு. 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கு ஹேக் கைது ஆணை பிறப்பித்தபோது நிலைமை மாறியது; அமெரிக்கா நீதிமன்ற அதிகாரிகள் மீது தடைகள் விதித்தது. பாலஸ்தீனத்துக்காக உரத்துக் குரல் கொடுக்கும் மலேசியா, அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகளின் பேரவையில் வாக்கில்லாமல் நிற்கிறது. நீதிபதியைத் தேர்ந்தெடுக்கவோ, தலைமை வழக்குரைஞர் நியமனத்தில் கருத்துச் சொல்லவோ வெளியே நிற்கும் நாட்டுக்கு உரிமை இல்லை. பாரபட்சத்தைக் குறைக்கக் கையில் கிடைக்கும் கருவியைத்தான் இப்படி மறுக்கும் நாடுகள் கீழே வைத்துவிடுகின்றன.

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். 43 பேர் மலேசியர்கள். தனித் தீர்ப்பாயம் அமைக்க மலேசியா கொண்டுவந்த தீர்மானம் 2015 ஜூலை 29 அன்று பாதுகாப்பு மன்றத்தில் 11 வாக்குகள் பெற்றும் ரஷ்யாவின் வீட்டோவில் விழுந்தது. கடைசியில் 2022 நவம்பரில் மூவருக்குத் தண்டனை விதித்தது ஒரு நெதர்லாந்து நீதிமன்றம். மூவரும் நேரில் வரவே இல்லை. ரோம் சட்டத்தில் சேர இந்த அனுபவத்தையும் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைஃபுடின் அப்துல்லா காரணமாகக் காட்டினார். விமானத்திலோ கப்பலிலோ குற்றம் நடந்தால் அது பதிவான நாட்டின் உறுப்பினர் தகுதியும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் என்கிறது அந்தச் சட்டம். பழைய துயரத்துக்குப் பின்னோக்கிப் பயன்படாது; இனி மலேசியக் கொடியோடு பறக்கும் விமானத்துக்குப் பயன்பட்டிருக்கும்.

ரோஹிங்யாக்களின் வழக்கும் இதையே சொல்கிறது. மியன்மார் உறுப்பு நாடு அன்று. ஆனால் விரட்டப்பட்டவர்கள் எல்லை கடந்து நுழைந்த பங்களாதேஷ் உறுப்பு நாடு. நாடு கடத்தல் என்ற குற்றத்தின் ஒரு பகுதி அந்த மண்ணில் நிகழ்ந்தது என்று 2018 செப்டம்பரில் நீதிபதிகள் கண்டனர். 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. ஓர் ஏழை அண்டைநாடு 2010இல் இட்ட ஒப்புதல், பத்து லட்சம் அகதிகளின் முறையீட்டுக்குக் கதவாகிவிட்டது. மலேசியாவிலும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ஐநா அகதிகள் ஆணையத்தில் பதிந்து வாழ்கிறார்கள்.

சேர்ந்தபின் விலகினால் தப்பலாம் என்ற கணக்கும் பொய்த்திருக்கிறது. போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளை ஹேக் ஆராயத் தொடங்கியதும், அதிபர் டுடெர்டே பிலிப்பைன்ஸை விலக்கிக்கொண்டார். 2019 மார்ச் 17 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பாக இருந்த காலத்தில் நடந்தவை மட்டும் அழியவில்லை. 2025 மார்ச் 11 அன்று அவர் மணிலாவில் கைதாகி ஹேக்குக்கு அனுப்பப்பட்டார். மலேசியா இணைவு ஆவணத்தைக் கொடுத்த அதே மாதத்தில் பிலிப்பைன்ஸ் வெளியேறியது தற்செயல். இரண்டு அரசாங்கங்களின் பார்வையும் தலைவரைக் காப்பதிலேயே நின்றது தற்செயல் அன்று.

இந்த வட்டாரத்தின் பிற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்போடியாவும் கிழக்குத் திமோரும் 2002இலேயே சேர்ந்தன. தாய்லாந்து 2000இல் கையெழுத்திட்டு இன்றுவரை உறுதிசெய்யவில்லை; அங்கேயும் மன்னர் நிலை பற்றிய தயக்கம் உண்டு. இந்தோனேசியா தன் சொந்த மனித உரிமை நீதிமன்றச் சட்டத்தை 2000இல் இயற்றி, கிழக்குத் திமோர்க் கொடுமைகளை அதில் விசாரித்தது. கடைசியில் எல்லாத் தண்டனைகளும் மேல்முறையீட்டில் ரத்தாயின. உள்நாட்டு நீதிமன்றம் போதும் என்னும் வாதத்துக்கு ஜகார்த்தா கண்ட முடிவு அது.

‘இறையாண்மை’ என்ற சொல் எல்லா மறுப்பிலும் வருகிறது. டில்லியில் அது படையினரின் காப்பு. கொழும்பில் போரை வென்றவர்களின் காப்பு. கோலாலம்பூரில், யாருக்கும் உண்மையில் வராத ஆபத்திலிருந்து அரியணையைக் காப்பதாகச் சொல்லப்பட்டது. கிளிநொச்சித் தாயையோ, எம்எச்17இல் மகனை இழந்தவரையோ, சயாமுக்குப் போனவரின் பேரப்பிள்ளையையோ அந்தச் சொல் எங்கும் காக்கவில்லை. ரோம் சட்டத்துக்கு எதிரான மிகச் சிறந்த காப்பு, அந்தச் சட்டமே சொல்லும் காப்புதான்: சொந்த நாட்டு நீதிமன்றம் தன் படையையும் தலைவரையும் அஞ்சாமல் விசாரிப்பது. அதைச் செய்யும் நாட்டுக்கு ஹேக்கைக் கண்டு அஞ்ச ஒன்றுமில்லை.

மலேசியா மீண்டும் இணைவதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் இணையும் நாளுக்கு முன் நடந்தவை, தனி அறிவிப்பு கொடுத்தாலன்றி, நீதிமன்றத்தின் கணக்கில் வரமாட்டா. 2019 ஜூன் 1 முதல் ஓடிய ஒவ்வொரு நாளும் அப்படிக் கணக்கில் வராத நாளாகவே கழிகிறது.